சத்தம் நின்ற வருஷம்

கதவுக்கு மேலிருந்த மணி திடீரென்று அலறியது. யாரோ பொத்தானில் வைத்த விரலை எடுக்க மறந்துவிட்ட மாதிரி நிறுத்தாமல் அலறியது. காத்திருப்புக் கூடத்தில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, இது தங்களுக்கான மணியாக இருக்குமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு பாதி திறந்தது. பச்சைத் தொப்பி போட்ட நர்ஸ் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"இன்னிக்கு முதல்ல உள்ள போன பாப்பாவோட அம்மா அப்பா யாரு?"

அம்மா எழுந்து நின்றாள். எழுந்தவள் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. மத்தியானம் ஆகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாருங்கள் என்று சொல்லித்தான் குழந்தையை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பத்து மணிகூட ஆகவில்லை. கூடத்தைத் துடைக்க வந்த பெண் இன்னும் முதல் வரிசை நாற்காலிகளைக்கூடத் தாண்டவில்லை.

"பாத்தியா, அதுக்குள்ள முடிச்சிட்டாங்க!" என்று நாத்தனார் பிளாஸ்க்கை மூடினாள். அவளுக்கு எந்தச் செய்தியும் முதலில் நல்ல செய்திதான். "நம்ம மோட்டாருப் பாப்பா சின்ன வண்டிதானே? சர்வீஸ் பண்ண எவ்வளவு நேரம் ஆகப்போகுது? நீதான் காலையிலேர்ந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க."

"அவர் எங்க அண்ணி?"

"எங்க இருப்பான்? கீழ ஏசி மிஷினுக்கு வைத்தியம் பாக்கப் போயிருக்கான். வந்ததுலேர்ந்து ஜன்னல் வழியா அதையே மொறைச்சுக்கிட்டு இருந்தான். பெத்த பொண்ணு உள்ள படுத்திருக்கு, இவனுக்கு ஆஸ்பத்திரி மிஷினுக்குப் பேரிங் போனது பொறுக்கலை. நீ போ. நான் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன். அந்தக் காது ஒண்ணுதானே அவன்கிட்ட உருப்படியா இருக்கு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அப்பனே, இந்த லிப்டாவது வேலை செய்யட்டும்" என்று முனகியபடி நாத்தனார் நடந்தாள். நர்ஸ் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "அவர் வந்துடட்டும். நீங்க வாங்கம்மா" என்றாள். அந்த 'வாங்கம்மா'வில் ஏதோ ஒரு மென்மை இருந்தது. காலையில் இதே நர்ஸ் குழந்தையின் செருப்பைக் கழற்றச் சொல்லி அதட்டினவள்.

சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி. ஆணியில் எக்ஸ்ரேக்குப் போட்டுக்கொள்கிற கனமான ஈய அங்கிகள் தொங்கின. மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த இதயம் ஒன்று. திறந்து மூடுகிற மாதிரி செய்தது, மூடி தொலைந்துபோய் உள்ளறைகள் தெரிந்தன. டாக்டர் இன்னும் வரவில்லை. "பாப்பா நல்லா இருக்காளா?" என்று அம்மா கேட்டாள். "மூச்சு எல்லாம் நல்லா இருக்கு, தூங்கறா. டாக்டரம்மா வந்து சொல்வாங்க" என்று நர்ஸ் போய்விட்டாள்.

நல்லா இருக்கா. அப்படியானால் வேறென்ன? அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பை தைக்கிற கம்பெனியில் வேலை செய்கிற கைகள். சும்மா இருக்கத் தெரியாது. கைப்பையின் வாரில் தையல் விட்டிருந்த இடத்தை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தன.

அவள் புருஷனுக்குக் கம்ப்ரசர் ரிப்பேர் செய்கிற தொழில். டயர்க் கடை, பெயிண்ட் அடிக்கிற பட்டறை, ஐஸ் பேக்டரி, பல் டாக்டர் கிளினிக் என்று எங்கே காற்றைத் தொட்டியில் அமுக்கி வைத்தாலும் அது ஒருநாள் கசியும். கசிந்தால் அவருக்கு ஆள் வரும். மற்ற மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். "இங்கதான்" என்று விரலை வைப்பார். அங்கேதான் இருக்கும். தொழில் வட்டாரத்தில் அவருக்குக் 'காது' என்றே பெயர்.

குழந்தை பிறந்த கொஞ்ச நாளில், பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, விலா உள்ளே இழுத்து, நாலு வாய் குடிப்பதற்குள் களைத்துப் போகிறதே என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போதிருந்த டாக்டர் படம் வரைந்து காட்டினார். நெஞ்சுக்குள் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள். வயிற்றில் இருக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒரு குட்டிக் குழாய் இருக்கும். பிறந்ததும் அது தானாக மூடிக்கொள்ளும். இவளுக்கு மூடவில்லை. உடம்புக்குப் போகவேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாகப் பீய்ச்சிக்கொண்டு நுரையீரலுக்குள் போகிறது. "மிஷின் ஓடற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். நாங்களே அதை அப்படித்தான் சொல்லுவோம்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் புருஷன் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. கண் கலங்கி இருந்தது, ஆனால் உதட்டில் ஒரு சிரிப்பு. "ஆமாடி. சின்ன மோட்டாரு ஒண்ணு ஓடுது" என்றார். அன்றைக்கு வைத்த பெயர்தான் மோட்டாரு. தெருவில் யாருக்கும் அவளுடைய நிஜப் பெயர் ஞாபகம் இல்லை.

எடை கூடட்டும், அப்புறம் அடைத்துவிடலாம் என்று டாக்டர் தேதி கொடுத்தார். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம். தொடையில் ஒரு ஊசிக் குத்து. அந்த வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை இதயம் வரைக்கும் விட்டு, அதன் நுனியில் மடங்கிக்கொண்டு போகிற அடைப்பானை மூடாத அந்தக் குழாய் ஓட்டையில் விரித்துவிட்டு வந்துவிடுவார்கள். சாம்பிளுக்கு ஒன்று காட்டினார். மெல்லிய கம்பிவலை. குழாய்க்குள் இழுத்தால் நூலாகிறது, தள்ளினால் பொத்தானாக விரிகிறது. புருஷன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன வேலைப்பாடு டாக்டர்! இதுல ஒண்ணு எங்க லைனுக்கும் செஞ்சு குடுத்தா நான் கடையை மூடிட்டு நிம்மதியா இருப்பேன்" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த வருஷம் வந்தது.

குழந்தை பால் குடித்தாள், களைக்காமல். வியர்ப்பது நின்றது. மாசத்துக்கு ஒரு தரம் வரும் சளியும் காய்ச்சலும் போன இடம் தெரியவில்லை. கன்னத்தில் சதை போட்டது. தினமும் வேலை விட்டு வந்து கைகால் கழுவிவிட்டு அவர் முதலில் செய்கிற காரியம் அவள் நெஞ்சில் காதை வைப்பதுதான். "குறைஞ்சிருக்கு" என்றார் ஒருநாள். "இன்னும் குறைஞ்சிருக்கு" என்றார் பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவை நிறுத்தச் சொல்லி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு எழுந்தார். "நின்னு போச்சு."

"என்னது?"

"சத்தம். லீக் இருந்தா சத்தம் இருக்கணும். சத்தம் இல்லை. தானா மூடிக்கிச்சுடி."

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை சந்தோஷம். அந்தத் தொடை ஊசியை நினைத்தால் அவளுக்கு ராத்திரியில் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது அவர்தான் எடுத்தார். "குழந்தைக்குச் சரியாயிருச்சுங்க, இடத்தை வேற யாருக்காவது குடுங்க" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். ஒரு தரம் காட்டிவிட்டு வந்துவிடலாமே என்று அவள் வாயெடுத்தாள். "ஓடற வண்டியை எதுக்குடி பிரிச்சுப் போடணும்?" என்றார். அவளும் விட்டுவிட்டாள். அவர் காது தப்பு சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் கால் விரல்களைக் கவனித்தாள். நகமெல்லாம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. கைவிரல்கள் ரோஜா நிறத்தில் இருக்க, கால்விரல்கள் மட்டும் நீலம். புது ஷூவின் சாயம் என்று நினைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கடைக்கே போய், "குழந்தைங்க போடறதுல இப்படியா மட்டமான சாயம் போடுவீங்க?" என்று சண்டை போட்டு வேறு ஷூ மாற்றிக்கொண்டு வந்தாள். புது ஷூவிலும் விரல்கள் நீலமாகவே இருந்தன. மாடிப்படி ஏறினால் குழந்தை பாதியில் உட்கார ஆரம்பித்தாள்.

திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பழைய டாக்டர் இல்லை. இந்த டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. உள்ள போய் அளந்து பாத்துட்டுத்தான் மூட முடியுமான்னு சொல்லுவேன்" என்றார். புருஷன் காதில் 'மூட' மட்டும்தான் விழுந்தது. இன்று காலை மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால்கூட அப்பாவும் பெண்ணும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வந்ததும் ஓடலாமாப்பா? நடுவுல உக்காராம?"

"உக்காராம. நானும் பின்னாடியே ஓடி வரேன். தோத்தா அழக்கூடாது, சொல்லிட்டேன்."

"நீதான் தோப்ப. உனக்குத் தொப்பை இருக்கு."

டாக்டரம்மா உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார், நெற்றியில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் போடாமல் அவளுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவர் எங்கம்மா?"

"கீழ இருக்கார். வந்துட்டே இருக்கார். நீங்க சொல்லுங்க டாக்டர்."

டாக்டரம்மா ஒரு தரம் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மூடலைம்மா. மூட முடியலை."

அவள் நகம் கைப்பை வாரில் இன்னொரு தையலைப் பிய்த்தது.

"முதல்ல ஒரு பலூனை உள்ள விட்டு, அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் அடைச்சுப் பாத்தோம். அடைச்சா நுரையீரல் பக்கம் அழுத்தம் இறங்கணும். இறங்கலை. மேல போச்சு. உடம்புக்குப் போற ரத்தத்தோட அழுத்தம் சடசடன்னு விழுந்துச்சு. பலூனை எடுத்ததுக்கப்புறம்தான் பழையபடி வந்தா. ஆக்ஸிஜன் குடுத்து, அழுத்தத்தை இறக்கற வாயுவைக் குடுத்து மறுபடியும் பாத்தோம். அதேதான். அதோட வெளிய வந்துட்டோம். இப்ப அந்த ஓட்டை திறந்து இருக்கறதாலதான் அவ இதயம் தாங்குது. மூடினா, தாங்காது."

"இத்தனை நாளா அந்த ஓட்டைதானே கெடுதல்னு சொன்னீங்க?"

"அப்பக் கெடுதல். வருஷக்கணக்கா அவ்வளவு ரத்தம் வேகமாப் போய் மோதி மோதி, நுரையீரல் குழாய் எல்லாம் தடிச்சுக் கெட்டியாயிடுச்சு. அது இனிமே இளகாது. மாத்திரை எழுதித் தரேன். சில பேருக்குக் கொஞ்சம் இறங்கும், இறங்கினா திரும்பப் பாக்கலாம். ஆனா அதை நம்பிக்கிட்டு இருங்கன்னு என்னால சொல்ல முடியலை."

"எவ்வளவு நாள் இருப்பா?"

"நாள்னு சொல்லாதீங்க. வளருவா. படிப்பா. ஓடாம, மலை ஏறாம, சளி பிடிக்காமப் பாத்துக்கணும். பெரிய பொண்ணாவா. ஆனா நம்ம வயசு வரைக்கும் வருவான்னு என்னால சொல்ல முடியாதும்மா."

பக்கத்து அறையில் யாரோ தட்டில் கத்திரிகளைப் போடும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, நிதானமாகப் போட்டார்கள்.

"நடுவுல ஏன்மா கூட்டிட்டு வரலை?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாயிட்டான்னு நினைச்சோம் டாக்டர். வியர்க்கலை. எடை போட்டுச்சு. நெஞ்சுல அந்த மிஷின் சத்தம்கூட நின்னு போச்சு."

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "அந்த வருஷம்தான்மா எல்லாம் கெட்டுப்போனது. குழாய் தடிச்சதும் அந்தப் பக்கம் ரத்தம் போறது குறையும். மூச்சு வாங்கறது நிக்கும். சதை போடும். பாக்கறவங்களுக்கு நோய் தீந்த மாதிரியே இருக்கும். ரெண்டு பக்கமும் அழுத்தம் ஒண்ணாயிட்டா, ஓட்டை அப்படியே இருந்தாலும் சத்தம் வராது. இப்ப நுரையீரல் பக்கத்துக் கெட்ட ரத்தம் அதே வழியாத் திரும்பிக் காலுக்குப் போகுது, அதான் கால் விரல் நீலம்."

அவளுக்குப் புரிந்தது. புரிந்த வேகம்தான் அவளைப் பயமுறுத்தியது. கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். அவர் அவளை டார்ச் பிடிக்கச் சொல்லி வேடிக்கை காட்டுவார். இரண்டு தொட்டி, நடுவில் ஒரு குழாய். ஒன்றில் காற்று நிறைய, இன்னொன்றில் காலி. வால்வைத் திறந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். கொஞ்சம் கொஞ்சமாகச் சீறல் தேய்ந்து ஓய்ந்துவிடும். "மூடிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள். "எங்க மூடினேன்? திறந்துதான் இருக்கு. ரெண்டும் சமமாயிடுச்சு, அதான் பேச்சைக் காணோம்" என்று அவர் சிரித்தார். தெரிந்தவர். தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவர். ஊரார் இரும்புத் தொட்டியிலெல்லாம் தெரிந்தது பெற்ற பெண்ணின் நெஞ்சில் காது வைத்தபோது தெரியவில்லையா?

ஒரு கோபம் எழும்பி வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில் அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. கையில் கிடைத்தால் அந்தக் காதைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது. பெரிய காது! இடத்தை வேற யாருக்காவது குடுங்கன்னு தாராளம் வேற! வரட்டும். வந்து நிற்கட்டும். எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறேன். நீ நின்னு போச்சுன்னு சொன்ன சத்தத்தைப் பார் என்று கேட்கப்போகிறேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதவளும், ஷூக்கடைக்காரனோடு சண்டை போட்டு ஜெயித்து வந்தவளும் அதே கோபத்துக்குள் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை அவள் பார்க்க விரும்பவில்லை.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா மேஜையிலிருந்த பிளாஸ்டிக் இதயத்தைத் தள்ளி வைத்தார். அது ஆடி நின்றது.

"பொய் சொல்ல மாட்டேன்மா. மூடியிருக்கலாம். சின்ன வேலைதான். மறுநாளே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

அவள் தலையை ஆட்டினாள். பை கம்பெனியில் சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் ஆட்டுகிற மாதிரி, சரி சரி என்று. கண்ணீர் வரவில்லை. வருமென்று எதிர்பார்த்துக் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள். அது மடிப்புக் கலையாமல் கையிலேயே இருந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாக அடுத்த அறையில் கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு சின்னப் பாதங்கள். வலது தொடையில் கனமாக ஏதோ வைத்துக் கட்டியிருந்தார்கள், காலை அசைக்காமல் இருக்க. கண் விழித்ததும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து ஓடலாமா என்று கேட்பாள். அவளிடம் கேட்க மாட்டாள். அப்பாவிடம்தான் கேட்பாள். விழுந்தாலும், கனவு கண்டு பயந்தாலும், பென்சில் முனை உடைந்தாலும் அவள் போய் ஏறிக்கொள்வது அந்த மனுஷனின் தோளில்தான். இனி எத்தனை வருஷமோ, அத்தனை வருஷமும் அந்தத் தோளில்தான் மாடி ஏறவேண்டும்.

நடைபாதையில் லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து நாத்தனாரின் குரல்.

"மெதுவா வாடா, எனக்கு இருக்கறது ரெண்டே முட்டிதான்!"

"நீ மெதுவா வா அக்கா, நான் போறேன். அதுக்குள்ள முடிச்சிட்டாங்களா? நான் சொல்லலை, இந்த டாக்டரம்மா கெட்டிக்காரின்னு? சாம்பிள்லயே பாத்தேனே, என்னா வேலைப்பாடு! உள்ள போய் 'டக்'குனு விரிஞ்சிருக்கும்..."

"முதல்ல அந்தக் கிரீஸ் கையைத் துடைடா. அதோடயே குழந்தையைத் தூக்காதே."

செருப்புச் சத்தம் ஓட்டமும் நடையுமாக நெருங்கியது. டாக்டரம்மா எழுந்து, அங்கியைச் சரிசெய்துகொண்டு, சொல்ல வேண்டியதை மறுபடியும் முதலிலிருந்து சொல்வதற்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டார். அழுத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியைப் புருஷனே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு தொட்டி, ஒரு குழாய். வாசலில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவார்.

கதவின் பிடி திரும்பியது. அம்மா சட்டென்று எழுந்து டாக்டரம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"அவர் கேட்டா, அப்பவே வந்திருந்தாலும் மூடியிருக்க முடியாதுன்னு சொல்லிருங்க டாக்டர்."